கேமரா முன்னால் போட்ட முக்காடு

பரீட்சையில் காப்பியடித்தவள் என்று எனக்கு ஒரு பெயர் வந்தது. காப்பியடிக்கிற பிள்ளைகளைப் பிடித்து வெளியே நிறுத்துகிற டீச்சர் நான். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு வகுப்புக்குள் போய் நின்ற நாட்களை நான் இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து ஆண்டவர் என்னை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்பதை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் நான் நன்றிகெட்டவள்.

என் பெயர் ஸ்டெல்லா. திருநகரில் குடியிருக்கிறோம். என் கணவர் காளவாசலில் ஒரு டைல்ஸ் கடையில் மேனேஜர். நான் ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்கள் தாளாளர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, நடுநிலை வகுப்புகளின் பாடத்திட்டப் பொறுப்பை என்னிடம் கொடுக்க நினைப்பதாகவும், அதற்கு அந்தத் துறையில் ஒரு முதுகலைப் பட்டம் இருந்தால் நல்லது என்றும் சொன்னார். வேலையை விடாமல் படிக்க ஆன்லைன் ஒன்றுதான் வழி. வெளிமாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், பாடத்திட்டமும் கற்பித்தலும் என்கிற படிப்பில் சேர்ந்தேன். பள்ளியின் சிபாரிசில் சேர்ந்ததால், என்னைப் பற்றி நல்லதோ கெட்டதோ எதுவானாலும் அவர்கள் பள்ளிக்கும் சொல்லிவிடுவார்கள்.

படிப்பு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு பாடத்தை எங்கே தொடங்கினால் பிள்ளைக்கு ஏறும், ஏறியதா இல்லையா என்று பரீட்சைக்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது, இதையெல்லாம் இத்தனை வருடம் குத்துமதிப்பாகத்தானே செய்துவந்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. பாத்திரம் கழுவும்போதும் பக்கத்தில் லெக்சர் ஓடும். என் கணவர் தட்டைப் பார்த்துவிட்டுக் கேலி செய்வார்.

"ஏம்மா ஸ்டெல்லா, இந்த ரசத்துக்குக் கற்றல் விளைவு என்ன? உப்பு போட மறக்கக் கூடாதுங்கிறதா?"

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில்தான் முதல் வருடப் பரீட்சை வந்தது. பரீட்சையை வீட்டிலிருந்தே எழுத வேண்டும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார வேண்டும். லேப்டாப்பின் கேமராவும் மைக்கும் நம்மைப் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கும். முகமும் இரண்டு காதுகளும் தெரிய வேண்டும், கண் திரையை விட்டு விலகக் கூடாது, பேசக் கூடாது. விதிகளை எல்லாம் படித்து, சரி என்று அழுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

கேள்வித்தாள் திறந்தது. நாம் கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் என்ன செய்வோம்? என் அம்மா எனக்கு முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை நான் எந்தப் பரீட்சையிலும் விட்டதில்லை. யோசித்துச் செய்கிற காரியமா அது? கை தானாகப் போயிற்று. சேலை முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டேன். கண்ணை மூடினேன். வாய்க்குள் முணுமுணுத்து ஜெபித்தேன். பிறகு ஒவ்வொரு பெரிய கேள்விக்கு முன்னாலும் ஒரு சின்ன ஜெபம், அதே முக்காடு. நன்றாக எழுதினேன். முடித்ததும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு எழுந்தேன்.

நாலைந்து நாள் கழித்து மத்தியான இடைவேளையில் போனைத் திறந்தால், என் படிப்புப் பக்கம் பூட்டப்பட்டிருந்தது. பரீட்சையின்போது சந்தேகத்துக்குரிய நடத்தை என்று ஒரு செய்தி. துணியால் காதை மறைத்தது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டது, உதட்டை அசைத்துக் கிசுகிசுத்தது. துணிக்குள் ஒரு கருவி இருந்திருக்கலாம், வெளியிலிருந்து யாரோ பதில் சொல்லியிருக்கலாம் என்று சந்தேகம். விசாரணைக் குழு முன்னால் வர வேண்டும். குற்றம் உறுதியானால் படிப்பிலிருந்து நீக்கம். பள்ளிக்கும் தகவல் போய்விட்டது.

எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். இதேபோல மாட்டின ஒருவரை முந்தைய வருடம் நீக்கிவிட்டார்கள், அவர் சொன்ன எதையும் கேட்கவில்லை என்று ஒருத்தி எழுதினாள். அதற்குப் பிறகு யாரும் எனக்குப் பதில் போடவில்லை. தினமும் சந்தேகம் கேட்டு என்னை அழைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, என் போனை எடுக்கவில்லை.

வீட்டில் என் கணவர் நம்பினார். ஆனால் நம்பிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்புட்டுப் பேரு எழுதுனாங்களே, உன்னைய மட்டும் ஏன் பிடிச்சாங்க?"

"ஜெபம் பண்ணேங்க. அம்புட்டுத்தான்."

"ஜெபம் பண்ணேன்னு சொன்னா எவன் நம்புவான்? காப்பியடிக்கிறவன் எல்லாம் அதைத்தான சொல்லுவான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளியிலோ, நான் ஆசிரியர் அறைக்குள் போனால் பேச்சு நின்றுவிடும். தாளாளர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "விசாரணை முடியட்டும் டீச்சர். அதுவரைக்கும் பரீட்சை மேற்பார்வைக்கு உங்களைப் போட வேண்டாம்னு சொல்லியிருக்கேன்" என்றார், முகத்தைப் பார்க்காமல். பெயர் போன பிறகு ஒரு டீச்சரிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

இதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. என்னால் ஜெபிக்க முடியவில்லை. முந்தானையை எடுத்துத் தலையில் போட்டதும், எங்கிருந்தோ யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். உதடு அசைந்தால் அதையும் எழுதிக்கொள்வார்கள் என்று தோன்றும். லேப்டாப்பை மூடி, மேலே ஒரு துண்டைப் போட்டேன். அப்படியும் போகவில்லை. சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். ஆலயத்தில் எல்லோரும் கண்ணை மூடியபோது நான் மட்டும் திறந்துகொண்டு, மேலே மூலையில் இருந்த கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவருக்கும் எனக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. புத்தி பேதலித்துவிடுமோ என்று நடுங்கினேன்.

வாடிப்பட்டியில் இருக்கிற என் அக்கா மேரியிடம்தான் இதைச் சொன்னேன். அவள் உபதேசம் எதுவும் செய்யவில்லை.

"உன்னால முடியலையா, விடுடி. நான் உனக்காக ஜெபிக்கிறேன். உண்மை வெளிய வரணும்னு ஒன்னே ஒன்னுதான் கேக்கப்போறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு, போதும்" என்றாள். சொன்னபடியே எனக்காக உபவாசமும் இருந்தாள்.

விசாரணை நாள் வந்தது. ஆன்லைனில்தான். அதே நாளில் திருநகருக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று முதல்நாள் சாயங்காலம் அறிவிப்பு வந்தது. என் கணவர் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, காலையிலேயே என்னை அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில்தான் போனோம். ஊருக்கு வெளியே வந்ததும் வானம் கறுத்திருந்தது. வயல்பக்கமெல்லாம் செம்மண் புழுதி சுழன்று வந்து ஜன்னலில் அடித்தது. மழையா, வெறும் காற்றா என்று தெரியாத மாதிரி ஒரு இருட்டு. இது நமக்கு நல்லதுக்கு இல்லை என்றே என் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

அக்கா வீட்டு முன்னறையில் லேப்டாப்பை வைத்தேன். அவளும் என் கணவரும் கேமராவில் படாமல் அடுக்களைப் பக்கம் உட்கார்ந்தார்கள். திரையில் மூன்று பேர் வந்தார்கள். தலைவர் கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியர். இன்னொருவர் தொழில்நுட்பப் பிரிவு. மூன்றாவது ஒரு அம்மா, சுமார் ஐம்பது வயது இருக்கும், குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததெல்லாம் ஆங்கிலத்தில். நான் ஜெபம் செய்ததாகச் சொன்னேன். தலைவர் தலையை ஆட்டிவிட்டு, பதிவைப் போடச் சொன்னார்.

என்னை நானே பார்த்தேன். சத்தம் இல்லை, படம் மட்டும். ஒரு பெண் சட்டென்று முந்தானையை இழுத்துக் காதை மூடுகிறாள். குனிகிறாள். உதடு அசைகிறது. நிறுத்துகிறாள், யாரோ சொல்வதைக் கேட்பதுபோல. மறுபடி அசைகிறது. உடனே நிமிர்ந்து மளமளவென்று எழுதுகிறாள். அடுத்த கேள்விக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். நான் மேற்பார்வை பார்த்திருந்தால் அந்தப் பெண்ணை அந்த நிமிடமே எழுப்பி வெளியே நிறுத்தியிருப்பேன்.

"இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்றார் தலைவர்.

அன்பானவர்களே, அந்த நேரத்தில் ஆண்டவரைக் கூப்பிட எனக்கு என்ன இருந்தது? முக்காடு போட முடியாது. கண்ணை மூட முடியாது. உதட்டை அசைக்கக்கூட முடியாது. மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திறந்த கண்ணோடு, வெறுந்தலையோடு, வாய் மூடி, உள்ளுக்குள் கத்தினேன். "நீர் பார்த்தீரே ஆண்டவரே, நீர் சொல்லும்" என்று கத்தினேன். நான் ஜெபிக்க முடியாமல் கிடந்த அத்தனை நாளுக்கும் சேர்த்து அது வந்தது.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிர்ந்தார்கள். "சத்தம் பதிவாகியிருக்கிறதா?" என்று கேட்டார்கள். பதிவாகியிருக்கிறது, ஆனால் தெளிவில்லாத வேற்று மொழிக் கிசுகிசுப்பு என்று கணினி குறித்திருக்கிறது என்றார் தொழில்நுட்பக்காரர். "என்ன மொழி? தமிழா? போடுங்கள். எனக்குத் தமிழ் தெரியும்."

அன்றைக்கு என்ன முணுமுணுத்தேன் என்று எனக்கே நினைவில்லை. படித்த பாடத்தின் படிநிலைகளை மறக்காமலிருக்க ஜெபத்தோடு சேர்த்து வரிசையாகச் சொல்கிற பழக்கம் எனக்கு உண்டு. அப்படி ஏதாவது சொல்லியிருந்தால்? அது பதிலை ஒப்பிப்பதுபோலத்தானே கேட்கும்? தொழில்நுட்பக்காரர் சத்தத்தைக் கூட்டினார். இரைச்சலுக்கு நடுவில் என் குரல் வந்தது.

"ஆண்டவரே, படிச்சதை மறக்காம எழுத வையும். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுத என் கையை விடாதேயும். கடைசி பெஞ்சு பிள்ளைகளுக்கும் விளங்குற மாதிரி பாடம் எடுக்கணும், அதுக்காகத்தான இந்தப் படிப்பு. காய்ச்சல்ல கிடக்கிற என் வகுப்புப் பிள்ளை பாண்டிச்செல்விக்குச் சொகம் குடும். எங்க வீட்டுக்காரருக்குக் கோவத்தக் கொறையும்..."

அந்த அம்மா ஒரு வரி விடாமல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். என் கணவரின் கோபத்தையும் விடவில்லை. அடுக்களைப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. அடுத்த கேள்விக்கு முன்னால் சொன்னதையும் போட்டார்கள். அதற்கடுத்ததையும். எல்லாம் ஜெபம். ஒன்றில்கூடப் பதில் இல்லை. கண்ணாடி போட்ட பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"போதும், நிறுத்துங்கள்" என்றார்கள் அந்த அம்மா. பிறகு என்னிடம் தமிழில், "சாப்பிட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்கள். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அக்கா ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டதையும் கேமரா பதிவு செய்திருக்கும். செய்துவிட்டுப் போகட்டும்.

முடிவை அன்றே சொல்லவில்லை. மறுவாரம் வந்தது. குற்றம் இல்லை, மதிப்பெண் செல்லும், பள்ளிக்கும் அப்படியே தெரிவிக்கப்படும். தாளாளர் என்னைக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பாடத்திட்டப் பொறுப்பு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ரசம் சப்பென்று இருந்தால், "எனக்குக் கோவமே வரலை பாத்தியா, உன் ஜெபம் வேலை செய்யுது" என்கிறார் என் கணவர்.

ஆனால் நான் எவ்வளவு மாறியிருக்கிறேன் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது. இந்த அரையாண்டுத் தேர்வில் மறுபடி என்னை மேற்பார்வைக்குப் போட்டார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முன்பு என்றால் தாளைப் பிடுங்கியிருப்பேன். கிட்டே போய்க் குனிந்து, "என்னம்மா?" என்றேன். பயந்துபோய், "ஒன்னுமில்லை மிஸ், மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கிட்டேன்" என்றாள். அந்தப் பயம் எனக்குத் தெரியும். அவள் தலையில் கை வைத்தேன். "கும்பிட்டு முடிச்சுட்டு நிதானமா எழுதும்மா. நான் இங்கதான் நிக்கிறேன்" என்றேன்.

உங்களில் யாராவது ஜெபிக்க வாய் வராமல் உட்கார்ந்திருந்தால், அது எவ்வளவு பயங்கரம் என்று எனக்குத் தெரியும். வார்த்தை வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். என் அக்காவைப்போல நமக்காக ஜெபிக்கிற ஒருவரிடம் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் என்றோ சொல்லி மறந்துபோன ஜெபத்தைக்கூட ஆண்டவர் மறக்கவில்லை. நான் மறந்திருந்தேன். அவர் வைத்திருந்தார்.