ஞாயிற்றுக்கிழமைச் சந்தை பேஸ்ட்

எங்கள் லேபில் எச்சில் தயாரிப்போம். நிஜ எச்சில் இல்லை, உப்புகளை அளந்து போட்டுக் கலக்குகிற செயற்கை எச்சில். குழந்தைச் சட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி அதில் ஊறவைத்து, சாயம் இறங்குகிறதா என்று பார்ப்போம். ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரில், இன்னும் பிறக்காத ஒரு குழந்தை காலரைச் சப்பினாலும் அதன் வாய்க்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. அந்தக் கவலையைப் படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பிஎஸ்சி கெமிஸ்ட்ரி படித்த பெண்ணுக்குத் திருப்பூரில் அப்போது அதைவிட நல்ல வேலை கிடையாது. ஆனாலும் எனக்கு எரிச்சலாகவே இருக்கும். எதற்கும் எரிச்சல் வராத நாள் என் வாழ்க்கையில் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீரபாண்டியில் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிவிட்டிருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு தெற்கத்திக் குடும்பம். அந்த வீட்டுப் பெண் பனியன் கம்பெனியில் துணி செக்கிங், புருஷன் அதே கம்பெனியில் டெய்லர். ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு. அந்தப் பிள்ளைக்கு மாதக்கணக்காக வாய்ப்புண். ஒன்று ஆறினால் இன்னொன்று கிளம்பும். சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்தால் வாயைப் பொத்திக்கொண்டு அழும். ஒரு டாக்டர் சத்து மாத்திரை எழுதினார், இன்னொரு டாக்டர் அதையே வேறு பெயரில் எழுதினார். பிள்ளை கருவாடாகக் காய்ந்துகொண்டு வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அதன் அழுகையைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது எனக்கே பெரும்பாடாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டில் எங்கோ பற்பசையில் விஷம் இருந்ததாகப் பேப்பரில் வந்தது. டீக்கடையில் யாரோ சத்தமாகப் படிக்க, அவள் புருஷன் கேட்டுக்கொண்டு வந்து சொல்லியிருக்கிறான். அவர்கள் வீட்டில் இருந்ததும் ஊர் பேர் தெரியாத பேஸ்ட்தான். சனிக்கிழமை சம்பளம் வாங்கும் ஜனங்களுக்காக ஞாயிற்றுக்கிழமை கூடுகிற சந்தையில் தார்ப்பாய் விரித்துக் குவித்து விற்பார்கள். மறுநாள் காலை அவள் ஒரு பாட்டிலோடு என் வாசலில் நின்றாள். ட்யூபில் கடைசி ஒட்டல்தான் மிச்சம் இருந்ததாம். ட்யூபைக் கத்தரியால் வெட்டித் தண்ணீர் விட்டு அலசி, அலசியதைப் பாட்டிலில் பிடித்திருந்தாள். எங்கள் காம்பவுண்டில் எல்லோரும் பேஸ்ட்டை அப்படித்தான் கடைசிவரை எடுப்போம், அதனால் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

“யக்கா, பெரிய பெரிய கம்பெனித் துணிக்கே நீங்கதான பாஸு ஃபெயிலு போடுதிய. இதையும் பார்த்துச் சொல்லுங்கக்கா. பிள்ள சாப்பிட மாட்டேங்கு.”

பாட்டிலை லேபுக்குக் கொண்டுபோனேன். மேனேஜர் பார்த்துவிட்டு, துணி என்றால் அதை வாங்குகிற பையர் பெயரில் பில் போடலாம், பல்லுக்கு யாரம்மா பையர் என்று கேட்டார். ஆனால் தடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வடிகட்டி, உலோகம் பார்க்கும் மெஷினில் ஏற்றினேன். உடம்புக்கு ஆகாத குரோமியம் இருப்பதாகக் காட்டியது. தயங்கித் தயங்கி இல்லை, நன்றாகவே காட்டியது.

எனக்கு ஒரே சந்தோஷம். குற்றவாளி அகப்பட்டுவிட்டான், அதுவும் குப்பைத்தொட்டியில் போட்டால் ஒழிந்துபோகிற குற்றவாளி. சாயங்காலம் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவளிடம் போய், பேஸ்ட்டுலதானுங்க இருக்குது, அதைக் கையாலகூடத் தொடாதீங்க என்று சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டிவியில் விளம்பரம் வருகிற பேஸ்ட்டாகப் பார்த்து அன்றைக்கே வாங்கி வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் சந்தைக்காரனிடம் நியாயம் கேட்கப் போனார்கள். நானும் போனேன். படித்தவள், மெஷினில் பார்த்தவள், நான் பேசினால்தானே எடுபடும். நான் பேசி முடிக்கிறவரை அந்த ஆள் குறுக்கே பேசவில்லை. பிறகு ஒரு ட்யூபைப் பிரித்து, விரலில் பிதுக்கி, கூட்டத்தின் எதிரிலேயே பல் முழுக்கத் தேய்த்துக் காட்டினார். தன் வீட்டில் பேரன் பேத்தி எல்லோரும் இதில்தான் விளக்குவதாக வாய் நிறைய நுரையோடு சொல்லி, சீல் உடைக்காத ட்யூப் ஒன்றை என் கையில் கொடுத்தார். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்திருப்பேன். அந்த மனுஷர் அமைதியாக இருந்ததுதான் என்னைக் குடைந்தது.

திங்கட்கிழமை அந்தப் புது ட்யூபைப் பிரித்து, லேபில் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிற, காய்ச்சி வடித்த வாலைத் தண்ணீரில் கரைத்து ஏற்றினேன். மெஷின் ஒன்றும் காட்டவில்லை. மறுபடி ஏற்றினேன். ஒன்றும் இல்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. குரோமியம் எங்களுக்குப் பழகிய சரக்கு, சாயத் துணியில் தேடிப் பிடிப்பது. பல் விளக்குகிற பேஸ்ட்டுக்குள் சாயப்பட்டறை எப்படி நுழைந்தது? பேஸ்ட்டுக்குள் நுழையவில்லை. அவள் ட்யூபை அலசிய தண்ணீருக்குள் நுழைந்திருந்தது.

எங்கள் காம்பவுண்டில் இரண்டு தண்ணீர். பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை குழாயில் வருவது நல்ல தண்ணீர், குடிக்கவும் சோறாக்கவும் மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும், பல் விளக்கவும் ட்யூப் அலசவும்கூட, போர்த் தண்ணீர். கரிக்கும், சில நாள் சாயப்பட்டறைக் கழிவின் நிறம் லேசாகக் காட்டும், அதை யாரும் குடிக்க மாட்டோம். குடிக்கவில்லையே, வாய்தானே கொப்புளிக்கிறோம் என்று எல்லோருக்கும் ஒரு தைரியம். எனக்கும்தான். அடுத்த நாள் போர்க்குழாயில் ஒரு பாட்டில் பிடித்துப் போய்ப் பார்த்தேன். முதல் பாட்டிலில் வந்த அதே குரோமியம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

இதற்கு ரிப்போர்ட் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, நமக்கு வேலை கொடுப்பதில் பாதிப்பேர் சாயப்பட்டறைக்காரர்கள்தானே என்று மேனேஜர் வருத்தமாகச் சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டார். வீட்டு ஓனரிடம் சொன்னேன். “ஏனுங்க, பிடிக்கலைன்னா வேற ஊடு பாத்துக்குங்க” என்றார், ரொம்ப மரியாதையாக. எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் ‘ங்க’ போட்டுத்தான் தள்ளுவார்கள். வேறு வீடு பார்த்தாலும் பூமிக்கடியில் இருப்பது இதே தண்ணீர்தான். அந்தப் புண் தண்ணீரால்தான் வந்தது என்று சத்தியம் பண்ணவும் என்னால் முடியாது. என்ன இருக்கிறது என்று மட்டும்தான் மெஷின் சொல்லும், அது பிள்ளையை என்ன செய்யும் என்று சொல்லாது.

பிறகு அவளிடம் சொல்லப் போனேன். டிவி விளம்பரப் பேஸ்ட் வாங்கிய பிறகும் பிள்ளைக்கு நாக்கு நுனியில் புதிதாக ஒன்று வந்திருந்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான். “அப்ப பேஸ்ட்ட மாத்துன மாதிரி இத மாத்த முடியாதாக்கா?”

பிள்ளைக்கு மட்டுமாவது வாய் கொப்புளிக்க நல்ல தண்ணீர் கொடுத்துப் பாருங்கள் என்றேன். குடத்தில் அடித்தண்ணீர்தான் கிடந்தது, குழாயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவள் குடத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

மறுநாள் காலை அவர்கள் வாசலில் நானும் நின்றேன். பிள்ளை பல் விளக்கி முடித்ததும், அவள் ஒரு சின்ன டம்ளரில் நல்ல தண்ணீர் மொண்டு நீட்டினாள். பிள்ளை வாய் நிறைய வாங்கியது, கன்னம் உப்ப அப்படியே நின்றது, அம்மாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு மடக்கென்று நுரையோடு விழுங்கிவிட்டது. அவள் பதறிப்போய், துப்பச் சொன்னா முழுங்குதியே மூதேவி என்று கையை ஓங்கிவிட்டாள்.

“நல்ல தண்ணியக் கீழ ஊத்துனா நீ அடிப்பேல்லாம்மா” என்றது பிள்ளை.

ஓங்கிய கை அப்படியே இறங்கியது. டம்ளரில் மிச்சமிருந்ததை அவள் சிந்தாமல் குடத்தில் திருப்பி ஊற்றி மூடினாள். பிள்ளையைக் கையைப் பிடித்துப் போர்க்குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“இதுல கொப்புளி. இதத் துப்பலாம்.”

பிள்ளை நிம்மதியாகக் கொப்புளித்துத் துப்பியது.