சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே

நம்பச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. என் வலது கையில் இரண்டு நகங்கள் இன்னும் முளைக்கவில்லை. எனக்கு அதுவே சாட்சி.

பனி உறையும் ஏரிக்கரை நகரமான டுலூத், ஜனவரி. பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்த புதிது. நிமோனியாவில் கிடந்த அப்பா மறுநாள் மருத்துவமனையிலிருந்து வருகிறார். குளியல் தொட்டி சுவரைத் தொடும் விளிம்பில் நீர் புகாமல் பூசியிருந்த சிலிகோன் பசை முழுக்கக் கரும்பூசணம். அது அவர் நுரையீரலுக்கு ஆகாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இருப்பதோ ஒரே குளியலறை.

மதியம் அப்பாவே போன் செய்தார்.

"என்ன மாரித், ஒரு தொட்டியைச் சுரண்ட ஒரு நாளா? இந்நேரம் நான் வீடே கட்டியிருப்பேன்."

"நீங்க கட்டின படகுக் கொட்டகை எங்கப்பா இப்போ?"

"ஏரிக்குள்ள இருக்கு. போய்ப் பாரு." சிரிப்பு இருமலாக மாறியது. "சுடுதண்ணியில படுக்கணும்டி. எனக்கு அது போதும்."

பழைய பூச்சைப் பட்டை பட்டையாக உரித்துவிட்டேன். தொல்லை மிச்சத்தில்தான். கண்ணுக்குத் தெரியாத வழவழப்பான படலம். அது இருந்தால் புதுப் பூச்சு ஒட்டாது. ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

புதிதாகப் பூசும் முன் எங்கள் பக்கம் தொட்டியில் தண்ணீர் நிரப்புவோம். பாரத்தில் தொட்டி இறங்கும், இடுக்கு விரியும். அப்போது பூசினால்தான் பிறகு ஆள் படுக்கையில் பூச்சு பிய்யாது.

நான் இன்னும் நிரப்பவில்லை. இடுக்கு மெல்லிய கோடாகத்தான் இருந்தது. சுரண்டியை அதில் இறுக்கிச் செருகிவிட்டுக் காபி எடுக்கப் போனேன்.

கிர்ர்ரக்...

திரும்பி வந்தேன். சுரண்டி தொட்டிக்குள் விழுந்து கிடந்தது. இடுக்கு விரல் அகலத்துக்கு விரிந்திருந்தது.

தொட்டி காலி. ஈரம்கூட இல்லை.

பழைய வீடு, குளிரில் மரம் சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன். உள்ளே ஒளிந்திருந்த படலம் பளபளத்தது. நல்லதாயிற்று என்று, துணி சுற்றிய இரண்டு விரல்களை உள்ளே விட்டேன்.

கிர்ரக்...

தொட்டி எழும்பியது. படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தது போல.

இடுக்கு மூடி விரல்கள் மாட்டிக்கொண்டன.

இழுத்தேன். வரவில்லை. கத்தினேன். போன் சமையலறையில். ஜன்னலில் வெளிச்சம் செத்துக்கொண்டிருந்தது. குளிர்காலம்; மாலை 4.20-க்கே.

என் முகத்துக்கு நேரே வெறும் காற்று.

ஆனால் நெற்றி முடி அசைந்தது... நின்றது... அசைந்தது.

மூச்சு.

விடுபட ஒரே வழிதான் இருந்தது. தொட்டி மறுபடி இறங்க வேண்டும்.

"படுத்துக்கோங்க..."

நெற்றி முடி மறுபடி அசைந்தது.

"தயவுசெஞ்சு... திரும்பப் படுத்துக்கோங்க."

கிர்ர்ரக்...

இடுக்கு விரிந்தது.

மறுநாள் வீடு வந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பேய்க்கு என்மேல என்னடி கோபம்? நான் அதுகிட்ட வாடகையா கேட்டேன்?" என்று துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தாழ் விழுந்தது.

கட்டுப் போட்ட கையோடு, வீட்டை விற்ற லின்டால் அம்மாளுக்குப் போன் செய்தேன். பூசும்போது தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிரப்புவீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"தண்ணியா? நாங்க ஒரு நாளும் நிரப்பினதில்லையேம்மா. அந்தத் தொட்டி எப்பவும் இறங்கித்தானே இருக்கும்?"

போனை வைத்தேன். உள்ளே குழாய் நின்றது. கதவைத் தட்டினேன். அப்பாவின் குரல் கேட்டது, என்னிடம் அல்ல. வேறு யாரிடமோ மெல்லப் பேசினார்.

"காலைக் கொஞ்சம் மடக்கிக்கோ... ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு."