காப்புக் கட்டாத கை

ஆடி மாதத்து ஞாயிறு, மதியம் மூன்று மணி. பிள்ளையார்பாளையத்தில் கங்கையம்மன் சப்பரம் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. இடப்பக்கச் சக்கரம் கோணிக்கொண்டு நின்றுவிட்டது. மாற்றுச் சக்கரம் இருந்தது. ஆனால் பழைய சக்கரத்தைப் பிடித்திருந்த கடையாணி துருவேறி அச்சோடு ஒட்டிக் கிடந்தது. சம்மட்டியால் அடித்ததில் ஆணியின் தலைதான் சப்பளிந்தது. இருட்டுவதற்குள் ஐந்து தெரு சுற்றி அம்மன் கோயில் திரும்பியாக வேண்டும்.

இரும்பு கேட் செய்யும் ராமராஜன் தலையில் ஆணியை அறுத்தெடுக்கும் பொறுப்பு விழுந்தது. இருபது வருஷமாக இரும்பு அறுப்பவர். அவருடைய கட்டிங் மெஷினில் போன வாரம்தான் மோட்டார் காயில் புகைந்து போயிருந்தது. அன்னம்மாளின் மெஷின் வாடகைக் கடைக்கு ஓடினார்.

அன்னம்மாள் சித்தாளாகக் கலவை சுமந்தவள். புருஷன் டேனியல் டைல்ஸ் போடுகிறவர். வியர்வை துடைக்க அவர் மணிக்கட்டில் சுற்றியிருந்த கர்ச்சீப்பை ஒருநாள் மெஷின் இழுத்தது. அதோடு இரண்டு விரல் போனது. அதற்கப்புறம் அவள் ஒவ்வொரு மெஷினையும் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டு கடை வைத்தாள். வாடகைக்குக் கேட்டு வருகிறவன் முகத்தை அவள் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பாள்.

ராமராஜன் கையில் மஞ்சள் கட்டிய காப்பு. நூல் முனை இரண்டு விரற்கடைக்குத் தொங்கியது.

"ஆவாதுண்ணா. இந்தக் கையிக்கு மெஷின் குடுக்க மாட்டேன்."

"இன்னாம்மா, காப்பை அவுக்கச் சொல்றியா? திருவிழா முடியறவரைக்கும் அவுக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"நான் எங்க அவுக்கச் சொன்னேன்? காப்பு உன் கையில இருக்கட்டும். மெஷின் என் கையில இருக்கட்டும்."

"இருபது வருஷமா அறுத்துக்கினு இருக்கறேன்மா!"

"அதான், பத்து விரலும் இருக்குதேன்னு தைரியம்."

அன்றைக்கு அந்தத் தெருவில் எந்த ஆம்பிளையின் கையும் காப்பில்லாமல் இல்லை. வேறு வழி? அவளையே கூட்டிக்கொண்டு நடந்தார். உள்ளுக்குள் மானம் போய்க்கொண்டிருந்தது.

வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, டேனியலின் முழுக்கைச் சட்டையை மாட்டி, கொண்டையைத் துணியால் இறுக்கி, கண்ணாடியும் ஷூவுமாக அவள் வந்து நின்றதும் பம்பைக்காரர் முருகேசன் ஆரம்பித்தார்.

"யாருப்பா இது, அம்மனுக்குக் காவலுக்கு வந்த வீரனா?"

"ஆமாண்ணா. மொதல்ல அந்தக் கற்பூரத் தட்டை அப்பால எடு."

சப்பரத்தில் தொங்கிய பட்டுத் துணியை அவிழ்க்க வைத்தாள். அச்சில் வழிந்த கிரீஸைத் துடைக்க வைத்தாள். கல் முட்டுக் கொடுத்து, கீழே ஈரச்சாக்கு விரித்தாள். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து மெஷினை ஓடவிட்டு, டிஸ்க்குக்கு நேராக நிற்காமல் ஒருபக்கமாக ஒதுங்கி நின்றாள். ஒரு நிமிஷம் அது சும்மா ஓடியது.

"காத்தையா அறுக்கறே?" என்றார் ராமராஜன்.

"டிஸ்க்குல கீறல் இருந்தா இங்கயே உடையட்டும். சாமிகிட்ட போய் உடைய வேணாம்."

பிறகு அறுத்தாள். ஜரிகை நூல்கண்டு பிரிந்து கொட்டுவதுபோல நெருப்பு தரையைப் பார்த்து ஓடியது. ஒரு பொறிகூட அம்மன் பக்கம் எகிறவில்லை. ராமராஜன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். நெஞ்செல்லாம் பொத்தல். இருபது வருஷத்து நெருப்பும் இவர்மேலேயே கொட்டியிருக்கிறது.

ஆணி துண்டானது. சுவிட்சை அணைத்தாள், சத்தம் நின்றது. தொங்கிய துண்டைப் பிடுங்க ராமராஜன் கையை நீட்டினார்.

"கை!"

அவள் போட்ட சத்தத்தில் பம்பையே அதிர்ந்திருக்கும். சத்தமில்லாமல் டிஸ்க் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் காற்றில் காப்பின் நூல் முனை படபடத்தது. கையை வெடுக்கென இழுத்துக்கொண்டார்.

"அதுமேல இருக்கற எழுத்தைப் படிக்க முடியறவரைக்கும் அது நிக்கலைண்ணா."

எழுத்து மெதுவாகத் தெளிந்தது. ராமராஜன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். சுற்றுகிற மெஷினை எத்தனை தடவை அப்படியே தரையில் போட்டிருக்கிறார்!

புதுச் சக்கரம் ஏறியது. புது ஆணியின் நீண்ட முனையையும் அறுத்துக் கொடுத்தாள். அது முடிந்ததோ இல்லையோ பம்பை முழங்கியது. வடத்தை இழுக்க ஆட்கள் குனிந்தார்கள்.

"நில்லுங்கப்பா! வயரு குறுக்க கிடக்குது, கரண்டு ஓடிக்கினு இருக்குது."

பம்பை நின்றது. டிஸ்க் நிற்கும்வரை மெஷினைப் பிடித்திருந்து கீழே வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்க அவள் நடந்தாள். அவசரமே இல்லாத நடை. மேலே அம்மன் காத்திருந்தாள். தெருவே காத்திருந்தது.

முருகேசன் குச்சியை ஓங்கினார். ராமராஜன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருய்யா. அன்னம்மா சொல்லட்டும்."