மாடு பூட்டி இழுத்தும் நகராதவள்

எங்கள் கடலூர் வீட்டு ஹாலில் உள்ளங்கை அகலத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. இத்தாலியில் ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு பலகையில் வரைந்த சின்ன ஓவியம். பழைய காலண்டரிலிருந்து அதை வெட்டி அம்மா பிரேம் போட்டிருந்தாள். அதில், கல்யாணம் வேண்டாம் என்ற பெண்ணை இழுத்துப் போகச் சொல்கிறான் நீதிபதி. ஜோடி ஜோடியாக மாடு பூட்டி இழுக்கிறார்கள். அவள் அசையவே இல்லை. கண் நோய்க்கு வேண்டிக்கொள்ளும் புனிதை அவள். அப்பாவின் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததோடு அம்மாவின் பக்தி நின்றுவிட்டது. மீதிக் கதையை அவள் கண்டுகொண்டதே இல்லை.

2008-இல் சிதம்பரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் மூன்றாம் முறை பரீட்சை எழுதிப் பிடித்த அரசாங்க டைப்பிஸ்ட் வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கேசரியை மென்றபடி படத்தை உற்றுப் பார்த்தார்.

"கிறிஸ்தவங்க வூட்டுல மாட்டுப் பொங்கல் படமா?"

"அது எவுங்களோ குடுத்த வாழ்த்து அட்டைங்க" என்று அம்மா புனிதையை மறுதலித்தாள். பைபிளில் சீடர் மறுதலித்தபோது கூவிய சேவலுக்குக்கூட அவள் அவகாசம் தரவில்லை.

கேசரி தீர்ந்ததும் அந்தம்மா விஷயத்துக்கு வந்தார். "பொண்ணு வேலைய வுட்டுடணும். எங்க வூட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறதில்ல."

மாப்பிள்ளை ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். மிக்சரில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வேலைய வுட மாட்டேங்க. பஸ்ஸுல வந்துட்டுப் போறேன்" என்றேன்.

யோசித்துச் சொல்லுங்கள் என்று கிளம்பினார்கள். அதன் பிறகு சித்தப்பா கத்தினார், மாமா மிரட்டினார், அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்தினார். ஒரு வாரம் தாக்குப் பிடித்தேன்; எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. எட்டாம் நாள் அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "நான் என்னா பாவம் பண்ணன்?" என்று அழுதாள். அவ்வளவுதான், சரி என்றுவிட்டேன். அந்தப் புனிதை மேல் எனக்கு இன்றும் எரிச்சல் உண்டு. அவளை இழுத்தவை வெறும் மாடுகள். மாடுகளுக்கு இப்படியெல்லாம் அழத் தெரியாது.

ராஜினாமா கடிதத்தை ஆபீசில் நானே டைப் அடித்தேன். சூப்பிரண்டு படித்துவிட்டு, "காரணம் போடலியேம்மா" என்றார்.

"என்னா சார் போடணும்?"

"கல்யாணம் ஆகிப் போற பொண்ணுங்க எல்லாரும் போடறதுதான்" என்று அவரே சொல்லிக்கொடுத்தார்.

'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.