ஆஞ்சியோவுக்கு முன் சொன்ன பொய்

மிளகு பறிக்க மூங்கில் ஏணியில் நாற்பதடி ஏறுகிறவன் நான், மணிக்கட்டில் குத்துகிற ஓர் ஊசி எனக்கு எம்மாத்திரம் என்று இன்று காலை சிஸ்டரிடம் சொன்னேன். சொல்லும்போதே ஆஸ்பத்திரி கொடுத்த பச்சை அங்கியின் நாடாவை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நாற்பதடியும் பொய்தான். இருபதுக்கு மேல் போனால் மரத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவேன். கீழே நிற்பவர்கள் நான் கொத்து தேடுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அதோடு நிற்காமல் இன்னொன்றும் சொல்லிவிட்டேன். "முன்னாடி எப்பவாச்சும் ஸ்கேனுக்கு மருந்து ஏத்தி, உடம்பு தடிச்சுதுங்களா, மூச்சு வாங்குச்சுங்களா?" என்று சிஸ்டர் கேட்டார். "இல்லீங்க" என்றேன். உண்மையில், முன்பு ஒரு முறை வயிற்று ஸ்கேனுக்கு ஏற்றிய மருந்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, என் மனைவியே யாரோ என்று பார்த்தாள். அதைச் சொன்னால் இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் வா என்று அனுப்பிவிடுவார்கள். ஒரு நாளைக்கு வேண்டிய தைரியத்தைச் சேர்ப்பதற்கே எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஊருக்கு மலை ஏறினால், மறுபடி இறங்க மாட்டேன். அதனால்தான் அந்த 'இல்லீங்க'. இப்போது கட்டிலில் உட்கார்ந்து, கூப்பிடும் வரை இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, வேறு யாருக்கும் புரியாது. அந்த மருந்துதான் இன்றும் ஏற்றப்போகிறார்களா, இது வேறு மருந்தா என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

மச்சான் ஞாபகம்தான் வருகிறது. என் மனைவியின் அண்ணன். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர். சில வருடங்களுக்கு முன் அவருக்கும் நெஞ்சு அடைத்தது, சேலத்தில் இதே ஆஞ்சியோ சோதனை செய்தார்கள். துணைக்கு நான். முடிந்து வெளியே வந்தவர் மணிக்கட்டில் கட்டோடு, சினிமா பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி பேசினார். "முழிச்சுக்கிட்டேதான் இருந்தேன் மாப்ளே. மரத்துப்போற ஊசி போட்டுட்டாங்க, அது மட்டும் சுருக்குன்னுச்சு. மருந்து உட்டப்ப உடம்புக்குள்ள சுடுதண்ணி ஓடுன மாதிரி இருந்துச்சு. ஒன்னுக்குப் போயிட்டனோன்னு பயந்துட்டேன். போகல." ரத்தக்குழாயில் ஓர் இடத்தில் கொஞ்சம் அடைப்பு, மாத்திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். இது பார்க்கிற சோதனைதான், சரி செய்கிற வைத்தியம் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கிளம்பும் முன் ஒரு சிஸ்டர் அவரிடம் நிறையச் சொன்னார். மச்சான் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றார். எங்கள் மலைக்காரர்களுக்கு ஆஸ்பத்திரியில் மூன்றே வார்த்தைதான்: சரிங்க, இல்லீங்க, வர்றேனுங்க. மூன்றாவது வார்த்தையைச் சொல்லிவிட்டு நேராக ஏற்காடு பஸ்ஸில் ஏறினோம்.

டிரைவருக்குப் பின் சீட். நாற்பது வருடம் அந்த மலை ரோட்டில் ஜீப் ஓட்டியவரால் சும்மா உட்கார முடியுமா? ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முன்னாலிருந்த கம்பியைக் கட்டுப் போட்ட வலது கையால் இறுக்கிப் பிடித்து, ஸ்டீயரிங் மாதிரி திருகினார். பஸ் டிரைவர் கியர் மாற்றியது சரியில்லை என்று என்னிடம் குறை வேறு. ஏழாவது வளைவில் என் வேட்டியில் ஈரம் பட்டது. குனிந்து பார்த்தால் சிவப்பு.

"ஒன்னுமில்ல மாப்ளே, கொஞ்சம் கசியுது" என்றார். முகம் வெளுத்திருந்தது.

கோழி அறுத்தாலே முகத்தைத் திருப்புகிறவன் நான். பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டு, கட்டு மேலேயே கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்த்தேன். பீறிட்டது. மறுபடி அழுத்தி, மறுபடி பார்த்தேன். பின் சீட்டில் மாரமங்கலம் போகிற ஓர் அம்மா, காய் மூட்டையைத் தாண்டி எட்டிப் பார்த்து, "எடுத்து எடுத்துப் பாக்காத சாமி. அமுத்துனா அமுத்துனதுதான்" என்றார். அதற்கப்புறம் விரலை எடுக்கவில்லை.

"அந்த சிஸ்டரம்மா உங்களுக்கு என்னதான் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"என்னமோ கையப் பத்தித்தான் சொன்னாங்க."

"என்னன்னு?"

"அதான் சரிங்கன்னு சொல்லிட்டனே."

"புரியலைன்னா திருப்பிக் கேக்கறதுதானே?"

"நொம்ப வேலையா இருந்தாங்க மாப்ளே. பாவம்."

உயிர் போகிற நேரத்திலும் அவருக்கு அந்தச் சிஸ்டரின் வேலைதான் பெரிதாக இருந்தது. மணிக்கட்டை மடக்காதே, எதையும் இறுக்கிப் பிடிக்காதே, இன்றைக்குச் சேலத்திலேயே தங்கு என்பதெல்லாம் அவர் 'சரிங்க' சொன்ன விஷயங்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வளைவிலேயே பஸ் நின்றது. எங்களைத் திருப்பிச் சேலத்துக்கு அனுப்ப, மேலிருந்து வந்த ஒரு காரை டிரைவர் ரோட்டுக்குக் குறுக்கே நின்று மறித்தார். மச்சானின் தலை என் தோளில் சாய்ந்தது. கட்டைவிரல் மரத்துப்போய், அது என்னுடையதா என்றே தெரியவில்லை. இன்னொரு கையை மாற்றி வைக்கலாமா, வைத்தால் அந்த ஒரு நொடியில்—

"மாப்ளே, எழுதுனது போதும். உன்னயத்தான் கூப்புடறாங்க."

கதவருகில் மச்சான் நிற்கிறார், என் சட்டையையும் செருப்பையும் இடுக்கிக்கொண்டு. அவருக்குப் பின்னால் சிஸ்டர், கையில் என் ஃபைல், பின்னால் இன்னும் நான்கு பேர் காத்திருக்கிறார்கள். நொம்ப வேலையாகத்தான் இருக்கிறார்.

"போலாமுங்களா ஐயா?" என்கிறார்.

நாக்கு நுனி வரைக்கும் 'சரிங்க' வந்துவிட்டது.

"இல்லீங்க சிஸ்டர். காலைல நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொல்லிட்டேனுங்க."