டாசிடர்ன் பொண்ணு

ஆறாம் வகுப்பில் என் புராகிரஸ் ரிப்போர்ட்டில் மார்க்குகளுக்குக் கீழே 'டாசிடர்ன்' என்று டீச்சர் எழுதிவிட்டார். அர்த்தம் கேட்டேன். "வாயே தெறக்காதவள்னு அர்த்தம். போய் அப்பாகிட்ட கையெழுத்து வாங்கினு வா" என்றார். டீச்சர் ஏதாவது குறை எழுதினால் படிப்பை நிறுத்தித் தறியில் உட்கார வைத்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். சும்மா சொல்கிறவர் இல்லை. அக்காவை ஐந்தாவதோடு அப்படித்தான் உட்கார வைத்தார்.

"இன்னாம்மா எழுதிகீறாங்க?" என்று அப்பா கேட்டதும், "ரொம்பக் கெட்டிக்காரின்னு எழுதிகீறாங்கப்பா" என்று அளந்துவிட்டேன். அப்பா பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார். தறியிலிருந்த அக்கா மட்டும் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அதோடு விட்டாரா மனுஷர்! மறுநாள் காலை தறியில் ஏற்றுவதற்கான பட்டு நூலைத் தெருவில் பாவாக நீட்டிக் கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் நின்று இழை சரிபார்த்த அத்தனை பேரிடமும், "நம்ம சின்னவ டாசிடர்ன், தெரியும்ல?" என்று சொல்லித் தீர்த்தார். எனக்குப் பெருமைகூட வந்தது, வெட்கங்கெட்ட கழுதை.

அந்த வாரமே களம்பூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பி.ஏ. படித்தவர். அவருடைய அம்மா, "பூ வெச்சிடலாங்க" என்று மல்லிகைப் பந்தைக் கையில் எடுத்துவிட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பெரியவளும் சின்னவ மாதிரியே டாசிடர்னுங்க. அவ்ளோ கெட்டிக்காரி!"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "அதுக்குப் பேச்சு கம்மின்னு அர்த்தங்க மாமா."

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அக்காதான் நிமிர்ந்தாள். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நான்தான் அப்டி அர்த்தம் சொன்னேன். அவ படிப்ப நிறுத்திடாதீங்க."

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் வாய் திறந்து எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. மல்லிகைப் பந்து பைக்குள் போய்விட்டது. பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி என்று இரண்டு நாளில் தரகர் வந்து சொன்னார்.

அப்பா என் படிப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தரகர் வந்துபோன மறுநாள் தலை பின்னிவிட்ட அக்காவிடம், "ஏங்கா உம்முனு கீற? நீதான் நெஜமான டாசிடர்ன்" என்று கேலி செய்தேன்.

"ஆமாண்டி. ஜல்தி கெளம்பு, மணி அடிச்சிடப் போறாங்க" என்றாள்.

நான் டீச்சராகி, என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் எனக்கு அந்தக் கேலி உறைத்தது. அன்றும் அக்கா கல்யாணமாகாமல் தறியில்தான் இருந்தாள்.