கைராசிக்காரி

நான் ஓட்டிய ஓட்டோவின் பக்கக் கண்ணாடி ஓரத்தில் ஒரு ஒட்டுப்பொட்டு இருக்கும். கடும் சிவப்பு, சின்ன விரல் நகம் அளவு. சில இடங்களுக்குப் போகும்போது, என் ஓட்டோவில் பலகாரம் கொண்டுபோகும் அக்கா அதை நெற்றியிலிருந்து எடுத்து அங்கே ஒட்டிவிட்டு இறங்குவார். திரும்பி வந்து ஏறியதும் எடுத்து மறுபடி நெற்றியில் வைத்துக்கொள்வார். ஓட்டோவின் சொந்தக்காரர் ஒரு நாள் அதைக் கண்டுவிட்டு, உனக்கு எப்போதடா கலியாணம் நடந்தது என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். விளக்கிச் சொல்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போதும் சரியாகத் தெரியாது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வவுனியாவில் லொறியில் மூட்டை ஏற்றினேன், மட்டக்களப்பில் அரிசி ஆலையில் நின்றேன், ஹட்டனில் ஒரு தேநீர்க்கடையில் கோப்பை கழுவினேன். ஓரிடத்தில் இருந்தால் கால் அரிக்கும். சண்டை நடந்த காலத்தில் அப்படித் திரிவது புத்தியில்லாத வேலைதான், ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தவர்களுக்கும் ஒன்றும் நல்லதாக நடந்துவிடவில்லை. கடைசியில் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் வந்து விழுந்தேன். வெளியூர்த் தமிழருக்கு வேண்டிய பொலிஸ் பதிவு எடுத்து, வாடகைக்கு ஓட்டோ எடுத்து ஓட்டினேன். அப்படித்தான் ரீச்சர் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெண்ணின் பலகார அடுப்படி எனக்குப் பழக்கமானது.

ஒரு வீட்டின் பின்பக்கத்துக் கராஜ் அது. ரீச்சரின் கணவர் ஷெல் விழுந்து செத்தவர். அக்காவைத் தவிர, அங்கே வேலை செய்த மற்றப் பெண்களும் அப்படித்தான். ஒருத்தியின் கணவர் கடலில், ஒருத்தியின் கணவர் காட்டில். எல்லோருக்கும் பிள்ளைகள். தானமாக வரும் பருப்பையும் பழைய சீலையையும் வாங்கிக்கொண்டு இருந்தால் பிள்ளைகளும் கை நீட்டத்தான் பழகும் என்று சொல்லி, ரீச்சர்தான் அவர்களைச் சேர்த்து இரண்டு அடுப்பு வாங்கிப் போட்டவர். வெள்ளவத்தையில் அந்த நாட்களில் கலியாணம் மேல் கலியாணம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மாப்பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். பெண் யாழ்ப்பாணத்திலிருந்து எப்படியோ வந்து சேர்ந்திருப்பாள். பலகாரம் சுட உறவும் இல்லை, பிளட்டில் இடமும் இல்லை. முறுக்கு, அரியதரம், பயற்றம் பணியாரம் எல்லாம் எங்களிடம்தான்.

ஆனால் ஒரு சிக்கல். கலியாணப் பலகாரத்துக்கு முதலில் எண்ணெய்ச் சட்டி வைப்பதே சுமங்கலிப் பெண்கள்தான். அதுதான் வழக்கம். சுட்டதெல்லாம் விதவைகள் என்று தெரிந்தால் வெள்ளவத்தையில் ஒரு வீடும் வாங்காது. அதனால் ஓடர் எடுப்பதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் அக்கா மட்டும்தான் என்று ரீச்சர் வைத்திருந்தார். அந்த அடுப்படியில் பொட்டு வைத்த நெற்றி அக்காவுடையது மட்டுமே. அவருடைய கணவர் பேலியகொடையில் ஒரு அரிசிக் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போனவர். அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை, பிறகும் வரவில்லை. ஜீப்பில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அவரே பிறகு, தான் கண்டது வேறு ஆளை என்றார். முகாம் முகாமாகத் தேடிக் களைத்த பிறகு அக்கா அடுப்படிக்கு வந்தார், பொட்டோடும் கழுத்தில் மஞ்சள் கயிற்றோடும்.

மற்றப் பெண்கள் பகிடி விடுவார்கள். "உம்மட மனிசன் எங்க இருந்தாலும் எங்களுக்கெல்லாம் சோறு போடுறார் பாரும்" என்று ஒருத்தி சொல்லுவாள். "எங்கட கை பட்டா முறுக்குக் கசக்குமோ?" என்று இன்னொருத்தி. அக்காவும் சிரிப்பார். சிரித்தபடியே மாவைப் பிழிவார்.

அக்காவுக்கு ஒரே மகள். சாதாரண தரச் சோதனையில் நல்ல கெட்டிக்காரத்தனமாகச் செய்திருந்தாள். தகப்பனில்லாத பிள்ளைகளை மேலே படிக்க வைக்கும் ஒரு தரும நிதியம் இருப்பதை ரீச்சர் கண்டுபிடித்தார். விடுதி, உடுப்பு, பல்கலைக்கழகம்வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் தகப்பன் இறந்ததற்கு மரணச் சான்றிதழ் வேண்டும். காணாமல்போனவருக்கு அது கிடைக்க, அவர் உயிரோடு இல்லை என்று தான் நம்புவதாக மனைவி சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கவேண்டும். அது இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையும் ஏதாவது கடையில் சீலை மடித்துக் கொடுக்கத்தான் போகவேண்டும்.

பல நாள் அக்கா அதைத் தள்ளிப்போட்டார். ஒரு மத்தியானம் பெட்டி ஏற்ற நான் போய் நின்றபோது கேட்டார், "கையெழுத்து வைச்சா நான் பொட்டை அழிக்க வேணுமெல்லோ, ரீச்சர்?" ரீச்சர், அது வேறு இது வேறு, ஓடர் எல்லாம் உம்மை நம்பித்தான் இருக்கு, மற்றப் பிள்ளைகளையும் யோசியும் என்றார். அக்கா கோபப்படவில்லை. கணக்குப் புரியாத பிள்ளை கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"பிள்ளைக்காக அவரைச் சாகச் சொல்லுறியள். முறுக்குக்காக உயிரோட வைக்கச் சொல்லுறியள். நான் அவரை என்ன செய்யிறது?"

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா கையெழுத்து வைத்தார். சத்தியக் கடதாசி முடிக்கும் இடத்துக்கு நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். அன்றைக்குத்தான் பொட்டு முதன்முதலில் என் கண்ணாடிக்கு வந்தது. மஞ்சள் கயிற்றைச் சட்டைக்குள்ளே தள்ளிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து பொட்டை எடுத்து வைத்தபோது அது நெற்றியில் கொஞ்சம் கோணலாக இருந்தது. சொல்லுவதா விடுவதா என்று தெரியாமல் வண்டியை எடுத்தேன்.

அடுத்த நாள் வெள்ளவத்தையில் ஒரு கலியாணம். பெட்டிகளோடு நாங்கள் போய்ச் சேரவும், எங்கோ எதுவோ நடந்ததென்று பொலிஸ் பெருந்தெருவான காலி வீதியை மறிக்கவும் சரியாக இருந்தது. மண்டபத்தில் ஆட்களைவிடக் கதிரைகள்தான் கூட. ஆலாத்தி எடுக்க வேண்டிய இரண்டு சுமங்கலிகளில் ஒருவர் ஹெவ்லொக் டவுனிலிருந்து வரவேண்டும், வரவில்லை. மாப்பிள்ளையின் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. வந்திருந்த பெண்களில் பாதிப்பேர் வெறும் நெற்றிக்காரர்கள், மிச்சம் கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகள். பெண்ணின் தாய் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, பலகாரப் பெட்டியோடு நின்ற அக்காவின் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நீர் வாரும். ஒரு பக்கம் பிடியும், நேரம் போகுது."

அக்கா என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியாது. நான் ஓட்டோக்காரன். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று தெரிந்தால் அடுப்படி அன்றோடு சரி. ஓம் என்றால், முதல் நாள்தான் கணவர் இல்லை என்று சத்தியம் செய்த கை அது. அக்கா பெட்டியைக் கீழே வைத்தார், சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தார், போய்த் தட்டைப் பிடித்தார். வாழைப்பழத் துண்டுகளில் திரி எரிந்தது. தட்டு ஆடாமல்தான் சுற்றியது.

திரும்பி வரும் வழியில் பம்பலப்பிட்டி தாண்டியதும் அக்கா, "தம்பி, அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் வராதென்ன?" என்று கேட்டார். வராது அக்கா என்றேன். எனக்கு அதைப்பற்றி என்ன தெரியும்?

அந்தப் பெண்ணுக்குக் கனடாவில் பிள்ளைகள் பிறந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். அவளுடைய தாய், பலகாரக்காரி நல்ல கைராசிக்காரி என்று வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஓடர் பெருகியது. சிலர் ஆலாத்திக்கும் சேர்த்தே கூப்பிட்டார்கள். மூன்றாவது அடுப்பு வந்தது. அடுப்படிப் பெண்களின் பிள்ளைகள் எல்லோரும் படித்தார்கள், ஒருவரும் கை நீட்டவில்லை. நிதியத்துக்குப் போகும் நாட்களில் பொட்டு என் கண்ணாடியில் இருந்தது, மற்ற நாட்களில் அக்காவின் நெற்றியில். அவர் மனதுக்குள் கணவர் எங்கே இருந்தார் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் கேட்க நினைத்தேன், பிறகு கால் அரிக்கத் தொடங்கி நீர்கொழும்புப் பக்கம் போய்விட்டேன்.

சண்டை முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. போன மாதம் அக்கா இறந்துவிட்டார். மகள் இப்போது இரத்மலானையில் ஒரு கொம்பனியில் கணக்காளர், சொந்த வீடு. பிரேதம் வைத்திருந்த மலர்ச்சாலைக்கு நான் போனபோது உள் அறையில் அக்காவுக்குச் சீலை உடுத்த ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி வெளியே வந்து, அம்மாவுக்குக் கூறைச்சீலையும் பொட்டுமா, அல்லது சும்மா விடுவதா என்று கேட்டாள். மகள் என்னைப் பார்த்தாள், அன்றைக்கு அக்கா பார்த்ததுபோலவே.

"அம்மா வெளியில போகேக்க எப்பிடிப் போவாவோ அப்பிடியே செய்யுங்கோ. பொட்டு வையுங்கோ" என்றாள்.

அந்த நேரம் பார்த்து, மேசையில் இருந்து விவரம் எழுதிய பொடியன் தலையை நிமிர்த்தி, இறந்தவர் விதவையா மிஸ் என்று கேட்டான்.

"ஓம். அப்பிடித்தான் எழுதுங்கோ" என்றாள் மகள், அதே குரலில்.

சரிதானே மாமா என்று என் பக்கம் திரும்பினாள். எதைக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.